‘இன்’னா, ‘ஆன்’னா, ‘அட்’டா? ஆங்கில வினைச்சொற்களும் அவற்றின் துணைச்சொற்களும்



பள்ளியில் பத்தாண்டுகளுக்கு மேல் ஆங்கிலம் பயின்றவர்கள்கூட, ஒரு வேலை விண்ணப்பம் எழுத அமரும்போது தயங்குவதைக் காண்கிறோம். அவர்களுக்குச் சொற்கள் தெரியாமல் இல்லை. ‘அப்ளை’ என்றால் விண்ணப்பித்தல், ‘வெயிட்’ என்றால் காத்திருத்தல், ‘டிஸ்கஸ்’ என்றால் விவாதித்தல் என்று கேட்டவுடன் சொல்லிவிடுவார்கள். அந்த வினைச்சொல்லை அடுத்து வரவேண்டிய சின்னஞ்சிறு சொல்லில்தான் தடுமாற்றம் நேர்கிறது. ‘டு’ போடுவதா, ‘ஃபார்’ போடுவதா, ‘ஆன்’ போடுவதா, அல்லது ஒன்றுமே போடாமல் விடுவதா?

இந்தச் சிறு சொற்களை ஆங்கில இலக்கணத்தார் ‘பிரிப்பொசிஷன்’ என்பர். தமிழில் ‘முன்னிடைச்சொல்’ என்று வழங்குகிறோம். உருவத்தில் இவை சிறியவை. ஆனால் நம் பிள்ளைகள் எழுதும் விண்ணப்பத்தின் மதிப்பும், நம் இளைஞர்கள் கையெழுத்திடும் ஒப்பந்தத்தின் பொருளும் பல வேளைகளில் இவற்றையே சார்ந்து நிற்கின்றன. எனவே, இவற்றை ஏன் பிழையாக எழுதுகிறோம், எவ்வாறு திருத்திக்கொள்ளலாம் என்பதைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

தமிழில் பின்னே, ஆங்கிலத்தில் முன்னே

நம் மொழியில் இந்த வேலையைச் செய்பவை வேற்றுமை உருபுகள். ஐ, ஆல், கு, இன், அது, கண் என்று பள்ளியில் மனனம் செய்தோமே, அவைதாம். தமிழில் இவை பெயர்ச்சொல்லின் பின்னே ஒட்டிக்கொள்கின்றன. ஆங்கிலத்திலோ தனிச் சொற்களாகப் பெயருக்கு முன்னே வந்து நிற்கின்றன.

இடம் மாறுவது மட்டுமானால் கவலையில்லை. எண்ணிக்கையும் ஒத்துவருவதில்லை. ‘பெட்டியில் பணம் இருக்கிறது’, ‘சுவரில் படம் தொங்குகிறது’, ‘வாசலில் ஒருவர் நிற்கிறார்’ என்று மூன்று இடங்களிலும் ‘இல்’ என்னும் ஒரே உருபால் நாம் பேசிவிடுகிறோம். ஆங்கிலத்தில் பெட்டிக்குள் இருப்பது ‘இன்’. சுவரின் பரப்பைத் தொட்டுக்கொண்டிருப்பது ‘ஆன்’. வாசல் என்னும் ஒரு புள்ளியில் நிற்பது ‘அட்’. நமது ஓர் உருபை அவர்கள் மூன்றாகப் பிரித்துக் காண்கிறார்கள்.

இதில் வியப்பான ஒரு வரலாறும் உண்டு. சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வழங்கிய பழைய ஆங்கிலத்தில், தமிழைப் போலவே பெயர்ச்சொற்களின் இறுதியில் வேற்றுமையைக் காட்டும் விகுதிகள் இருந்தன. காலப்போக்கில் அவை தேய்ந்து மறைந்தன. அவை செய்துவந்த வேலையின் பெரும் பகுதியை முன்னிடைச்சொற்கள் ஏற்றுக்கொண்டன. அந்த மாற்றத்தில் சில சொற்களின் பொருளும் இடம் பெயர்ந்தது. இன்று ‘உடன்’ என்று பொருள்படும் ‘வித்’, பழைய ஆங்கிலத்தில் ‘எதிராக’ என்று பொருள்பட்டது. ‘எதிர்த்து நில்’ என்னும் பொருளுடைய ‘வித்ஸ்டாண்ட்’ என்ற சொல்லில் அந்தப் பழம்பொருள் இன்றும் உயிரோடிருக்கிறது. ‘ஒருவரோடு சண்டையிட்டான்’ என்பதற்கு ‘ஃபைட் வித்’ என்று சொல்வதும் இந்த வழியில் வந்ததே.

ஆகவே, தமிழ் வாக்கியத்தை மனத்தில் எழுதிவைத்து, அதன் உருபுகளை ஒவ்வொன்றாக ஆங்கிலத்துக்கு மாற்றுவது பல இடங்களில் வழி தவறச் செய்யும். நாம் செய்யும் பிழைகளுள் பெரும்பாலானவற்றின் பின்னே ஒரு தமிழ் உருபு ஒளிந்திருக்கிறது. அதைக் கண்டுகொண்டால் பாதி நோய் தீர்ந்தது எனலாம்.

துணை வேண்டாத வினைகள்

முதலில், தேவையில்லாமல் நாம் கூட்டிச் சேர்க்கும் இடங்களைப் பார்ப்போம்.

‘இதைப் பற்றி விவாதித்தோம்’ என்கிறோம். அந்தப் ‘பற்றி’, ஆங்கிலத்தில் ‘டிஸ்கஸ் அபவுட்’ என்று வந்து விழுகிறது. ‘டிஸ்கஸ்’ என்னும் வினைக்குப் பின் ‘அபவுட்’ வராது. ‘வீ டிஸ்கஸ்ட் த மேட்டர்’ என்பதே சரி.

‘அறைக்குள் நுழைந்தார்’ என்பதிலுள்ள ‘உள்’, ‘என்டர் இன்டு த ரூம்’ ஆகிறது. இலத்தீனில் ‘உள்ளே’ என்று பொருள்படும் சொல்லிலிருந்து பிறந்ததே ‘என்டர்’. ஆதலால் ‘என்டர் த ரூம்’ என்பதே போதும். ஆனால் ஓர் ஒப்பந்தத்தில் ஈடுபடுவதைக் குறிக்க ‘என்டர் இன்டு அன் அக்ரிமென்ட்’ என்றுதான் எழுத வேண்டும்.

‘சென்னைக்கு வந்து சேர்ந்தேன்’ என்பதிலுள்ள ‘கு’, ‘ரீச்ட் டு சென்னை’ என்று எழுதத் தூண்டுகிறது. ‘ரீச்’ துணை கேட்பதில்லை. ‘ரீச்ட் சென்னை’ என்க. அதே பொருளுடைய ‘அரைவ்’ துணை கேட்கும். பெரிய நகரமானால் ‘அரைவ் இன்’, நிலையம், அலுவலகம் போன்ற இடமானால் ‘அரைவ் அட்’.

‘கேள்விக்குப் பதில் சொல்’ என்பதால் ‘ஆன்சர் டு த கொஸ்டின்’ என்று கட்டளையிடுகிறோம். வினையாக வரும்போது ‘ஆன்சர் த கொஸ்டின்’ என்பதே முறை. ஆனால் ‘ரிப்ளை’ என்னும் வினைக்கு ‘டு’ கட்டாயம். ‘ரிப்ளை டு த லெட்டர்’ என்க.

‘அவரிடம் சொன்னேன்’, ‘அவரிடம் கேட்டேன்’ என்பவற்றிலுள்ள ‘இடம்’, ‘டோல்ட் டு ஹிம்’, ‘ஆஸ்க்ட் டு ஹிம்’ என்று எழுதவைக்கிறது. இரண்டிலும் ‘டு’ வேண்டா. ‘டோல்ட் ஹிம்’, ‘ஆஸ்க்ட் ஹிம்’ என்பவையே சரி. ‘செட்’ என்று எழுதினால் மட்டும் ‘செட் டு ஹிம்’ என்று ‘டு’ வரும்.

‘அவரோடு திருமணம் நடந்தது’ என்பதால் ‘மேரீட் வித்’ என்கிறோம். மணந்தார் என்னும் வினைக்குத் துணை இல்லை. ‘ஹி மேரீட் ஹர்’. மணமானவர் என்னும் நிலையைக் குறித்தால் ‘இஸ் மேரீட் டு’. இரண்டிலும் ‘வித்’துக்கு இடமில்லை.

இவற்றோடு ‘ரிடர்ன்’ என்னும் சொல்லையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதிலுள்ள ‘ரி’ என்பதே திரும்ப என்னும் பொருளைத் தந்துவிடுகிறது. ‘ரிடர்ன் பேக்’ என்பது ‘திரும்பத் திரும்பி வந்தான்’ என்பது போன்றதே.

பெயரானால் வேண்டும், வினையானால் வேண்டா

பல பிழைகளை ஒரே அடியில் நீக்க உதவும் குறிப்பு ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் பல சொற்கள் பெயராகவும் வினையாகவும் வருகின்றன. பெயராக வரும்போது துணைச்சொல்லை ஏற்கும் அச்சொல், வினையாக வரும்போது அதை விட்டுவிடும்.

‘ரிக்வெஸ்ட்’ என்பதை எடுத்துக்கொள்வோம். ‘எ ரிக்வெஸ்ட் ஃபார் லீவ்’ என்றால் விடுப்புக்கான வேண்டுகோள். இங்கே அது பெயர். ‘ஐ ரிக்வெஸ்ட் லீவ்’ என்றால் விடுப்பு வேண்டுகிறேன். இங்கே அது வினை. இரண்டையும் கலந்து ‘ஐ ரிக்வெஸ்ட் ஃபார் லீவ்’ என்று எழுதுவதுதான் பள்ளி விடுப்புக் கடிதம் தொடங்கி அலுவலகக் கடிதம் வரை நம்மைத் தொடரும் பிழை.

‘டிமாண்ட்’, ‘ஆர்டர்’ ஆகியவையும் இவ்வாறே. ‘எ டிமாண்ட் ஃபார் பேமென்ட்’ என்பது பணத்துக்கான கோரிக்கை. ‘தே டிமாண்டட் பேமென்ட்’ என்பது பணம் கோரினார்கள் என்பது. ‘ஆன்சர்’ பெயராகும்போது ‘த ஆன்சர் டு த கொஸ்டின்’ என்று ‘டு’ பெறும். ‘டிஸ்கஷன்’ என்ற பெயருக்கு ‘அபவுட்’ பொருந்தும். ‘டிஸ்கஸ்’ என்ற வினைக்குப் பொருந்தாது. ‘எம்ஃபஸிஸ்’ என்ற பெயர் ‘ஆன்’ கேட்கும். ‘எம்ஃபஸைஸ்’ என்ற வினை கேட்காது. எழுதும்போது ஒரு கணம் நின்று, ‘இங்கே இது பெயரா, வினையா?’ என்று கேட்டுக்கொண்டால் போதும்.

விட்டுவிடக் கூடாத இடங்கள்

இனி, சேர்க்க வேண்டிய இடத்தில் நாம் விட்டுவிடுவதைப் பார்ப்போம். இதற்கும் தமிழே காரணம்.

தமிழில் ‘கேள்’ என்பது ஒரே சொல். ஆங்கிலத்தில் அது மூன்றாகப் பிரிகிறது. வினவுதல் ‘ஆஸ்க்’, காதில் விழுதல் ‘ஹியர்’, செவி கொடுத்துக் கேட்டல் ‘லிஸன்’. முதல் இரண்டும் ஆளைக் குறிக்கத் துணை கேட்பதில்லை. மூன்றாவது கேட்கும். ‘நான் சொல்வதைக் கேள்’ என்பதில் ‘ஐ’ உருபு வருவதால் ‘லிஸன் மீ’ என்று சொல்லிவிடுகிறோம். ‘லிஸன் டு மீ’ என்பதே சரி. ஒரு பொருளை வேண்டிக் கேட்டால் ‘ஆஸ்க் ஃபார்’. ‘ஹி ஆஸ்க்ட் ஃபார் வாட்டர்’ என்றால் தண்ணீர் கேட்டார்.

‘பார்’ என்பதும் இப்படியே. கண்ணில் படுவது ‘ஸீ’. தொடர்ந்து கவனிப்பது ‘வாட்ச்’. திரும்பி நோக்குவது ‘லுக்’. முதலிரண்டுக்கும் துணை வேண்டா. ‘லுக்’ மட்டும் ‘அட்’ கேட்கும்.

‘எனக்கு விளக்குங்கள்’ என்பதற்கு ‘எக்ஸ்பிளெய்ன் மீ’ என்பாருண்டு. ‘கிவ் மீ’, ‘ஷோ மீ’ ஆகியவற்றைப் பார்த்து வந்த பழக்கம் இது. ‘எக்ஸ்பிளெய்ன் டு மீ’ என்க. இங்கே நம்முடைய ‘எனக்கு’ என்பதிலுள்ள ‘கு’ உருபே சரியான வழியைக் காட்டுகிறது. தமிழ் எப்போதும் வழி கெடுப்பதில்லை!

கேள்வி வாக்கியங்களில் இத்துணைச் சொல் கடைசிக்குப் போய்விடுவதால் எளிதில் மறக்கப்படுகிறது. ‘வாட் ஆர் யூ லுக்கிங்?’ என்பது முடியாத வாக்கியம். ‘வாட் ஆர் யூ லுக்கிங் அட்?’ என்றால் எதைப் பார்க்கிறீர்கள். ‘வாட் ஆர் யூ லுக்கிங் ஃபார்?’ என்றால் எதைத் தேடுகிறீர்கள். வாக்கியத்தை இப்படிச் சிறு சொல்லில் முடிக்கலாகாது என்று சிலர் கூறுவர். 1672ஆம் ஆண்டில் ஜான் டிரைடன் என்னும் ஆங்கிலக் கவிஞர், தமக்கு முந்தைய தலைமுறையைச் சேர்ந்த பென் ஜான்சனின் எழுத்தில் இதைக் குறையாகச் சுட்டினார். ஆயினும் ஆங்கிலேயர்கள் அன்றும் இன்றும் இவ்வாறே பேசியும் எழுதியும் வருகிறார்கள். நீங்களும் அஞ்ச வேண்டியதில்லை.

துணை மாறினால் பொருளும் மாறும்

அரபு மொழி பயின்ற வாசகர்களுக்கு இந்தப் பகுதி எளிதில் விளங்கும். அரபியில் ‘ஹர்ஃபு ஜர்’ எனப்படும் துணைச்சொல் மாறினால் வினையின் பொருளே தலைகீழாகிவிடும். ‘ரகிப ஃபீஹி’ என்றால் அதை விரும்பினான். ‘ரகிப அன்ஹு’ என்றாலோ அதை வெறுத்து விலகினான். வினை ஒன்றே; துணை மாறியது, விருப்பம் வெறுப்பாயிற்று.

ஆங்கிலத்திலும் இந்த ஆற்றல் உண்டு. ஒருவர் பிடிக்கும்படி பந்தை எறிவது ‘த்ரோ டு’. அவரைத் தாக்கும்படி எறிவது ‘த்ரோ அட்’. தொலைவில் இருப்பவருக்குக் கேட்க உரக்கக் கூவுவது ‘ஷவுட் டு’. கோபத்தில் ஒருவரை நோக்கிக் கத்துவது ‘ஷவுட் அட்’. ‘அட்’ என்பது இங்கே குறிபார்க்கும் சொல்லாகிவிடுகிறது.

‘லுக் ஆஃப்டர்’ பராமரித்தல். ‘லுக் ஃபார்’ தேடுதல். ‘லுக் இன்டு’ விசாரித்து ஆராய்தல். ‘டீல் இன் ரைஸ்’ என்றால் அரிசி வியாபாரம் செய்கிறார். ‘டீல் வித் எ ப்ராப்ளம்’ என்றால் ஒரு சிக்கலைக் கையாளுகிறார். ‘அட்டெண்ட் எ மீட்டிங்’ என்றால் கூட்டத்துக்குச் செல்லுதல். ‘அட்டெண்ட் டு எ பேஷன்ட்’ என்றால் நோயாளியைக் கவனித்தல்.

‘அக்ரீ’ என்னும் வினையைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். ‘அக்ரீ வித்’ என்றால் ஒருவரின் கருத்தே எனக்கும் என்று பொருள். ‘அக்ரீ டு’ என்றால் ஒரு நிபந்தனைக்கு இசைகிறேன் என்று பொருள். ‘அக்ரீ ஆன்’ என்றால் இரு தரப்பாரும் பேசி ஒரு முடிவுக்கு வந்தனர் என்று பொருள். ‘இந்த நிபந்தனைகளுக்கு இசைகிறேன்’ என்று ஒருவர் கையெழுத்திடும் இடத்தில் ‘அக்ரீ டு’ என்றே இருக்கும். அது வெறும் கருத்து அன்று. அது ஒரு வாக்குறுதி.

கெடுவும் காலமும்

பணமும் வேலையும் அதிகமாகச் சிக்கிக்கொள்ளும் இடம் இது. ‘பை’ என்பது ‘அதற்குள்’. ‘அன்டில்’ என்பது ‘அதுவரை’. ‘சப்மிட் பை த தர்ட்டியத்’ என்றால் 30ஆம் தேதிக்குள் ஒப்படைக்க வேண்டும். ‘ஓப்பன் அன்டில் த தர்ட்டியத்’ என்றால் 30ஆம் தேதி வரை திறந்திருக்கும். ‘திங்கட்கிழமைக்குள் வேலையை முடித்துத் தருவேன்’ என்று சொல்ல விரும்பி, ‘அன்டில் மண்டே’ என்று எழுதிவிட்டால், படிப்பவர் குழம்பிப் போவார்.

‘வித்தின் டூ வீக்ஸ்’ என்றால் இரண்டு வாரத்துக்குள் எந்த நாளிலும் ஆகலாம். ‘இன் டூ வீக்ஸ்’ என்றால் பெரும்பாலும் இன்றிலிருந்து இரண்டு வாரம் கழிந்தபின் என்றே கொள்வர். சரக்கு அனுப்புவதாக உறுதி தரும் வியாபாரிகள் இவ்வேறுபாட்டை மறக்கலாகாது.

‘இரண்டு ஆண்டுகளாக வேலை செய்கிறேன்’ என்பதை ‘சின்ஸ் டூ இயர்ஸ்’ என்று எழுதுவது மிகப் பரவலான பிழை. தொடங்கிய புள்ளியைச் சொன்னால் ‘சின்ஸ்’. நீடித்த அளவைச் சொன்னால் ‘ஃபார்’. ‘சின்ஸ் 2019’ சரி. ‘ஃபார் டூ இயர்ஸ்’ சரி. வினையையும் ‘ஐ ஹேவ் பீன் ஒர்க்கிங்’ என்று அமைக்க வேண்டும்.

விண்ணப்பத்திலும் ஒப்பந்தத்திலும்

வேலைக்கு விண்ணப்பிக்கும்போது, வேலையைக் குறித்தால் ‘அப்ளை ஃபார்’. நிறுவனத்தைக் குறித்தால் ‘அப்ளை டு’. செய்த பொறுப்பைச் சொன்னால் ‘ரெஸ்பான்ஸிபிள் ஃபார்’. மேலதிகாரியைச் சொன்னால் ‘ரெஸ்பான்ஸிபிள் டு’. கணக்கில் வல்லவர் ‘குட் அட் அக்கவுண்ட்ஸ்’, ‘இன்’ அன்று.

கடிதத்தை முடிக்கும்போது ‘ஐ லுக் ஃபார்வர்ட் டு ஹியரிங் ஃப்ரம் யூ’ என்று எழுதுவது மரபு. இதை ‘டு ஹியர்’ என்று பலர் எழுதுகின்றனர். இங்குள்ள ‘டு’ முன்னிடைச்சொல். வினைக்கு முன் வரும் வெறும் ‘டு’ அன்று. எனவே அதன்பின் ‘ஹியரிங்’ என்னும் பெயர்வடிவமே வரும்.

அயல்நாட்டு வேலைக்கான ஒப்பந்தத்தைப் படிக்கும் சகோதரர்கள் ஊதியப் பகுதியில் மூன்று தொடர்களைக் கூர்ந்து பார்க்க வேண்டும். உணவுப்படி ‘இன் அடிஷன் டு த சாலரி’ என்றிருந்தால் ஊதியத்துக்கு மேல் தனியாகக் கிடைக்கும். ‘இன்க்ளூடட் இன் த சாலரி’ என்றிருந்தால் சொன்ன ஊதியத்துக்குள்ளேயே அதுவும் அடக்கம். ‘டிடக்டட் ஃப்ரம் த சாலரி’ என்று கண்டால் ஊதியத்திலிருந்து பிடித்துக்கொள்வார்கள் என்று அறிக. ஒரு குடும்பத்தின் மாத வரவு செலவையே மாற்றிவிடக் கூடியவை இச்சொற்கள். புரியாத தொடர் ஏதும் இருந்தால், அறிந்த ஒருவரிடம் காட்டித் தெளிந்த பின்னரே கையெழுத்திடுவது நன்று.

எவ்வாறு கற்பது?

தமிழில் ‘பாம்புக்குப் பயந்தான்’ என்கிறோம். ‘பாம்போடு பயந்தான்’ என்று எந்தக் குழந்தையும் சொல்வதில்லை. அதற்கு யாரும் விதி கற்பிக்கவில்லை. வினையையும் உருபையும் ஒன்றாகவே கேட்டு வளர்ந்ததால் அது நாவில் பதிந்துவிட்டது. ஆங்கிலத்தையும் அவ்வாறே கற்க வேண்டும். ‘டிபெண்ட்’ என்று தனியாக எழுதிப் படிக்காமல் ‘டிபெண்ட் ஆன்’ என்று படியுங்கள். ‘கன்ஸிஸ்ட் ஆஃப்’, ‘இன்ஸிஸ்ட் ஆன்’, ‘ஸக்ஸீட் இன்’, ‘பிரிவென்ட் ஃப்ரம்’, ‘அக்யூஸ் ஆஃப்’, ‘கோப் வித்’ என்று இணையிணையாக மனத்தில் பதியுங்கள். ‘கோப் அப் வித்’ என்பதிலுள்ள ‘அப்’ தேவையற்றது.

ஐயம் தோன்றினால் நல்ல அகராதியைப் புரட்டுங்கள். ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஏ. எஸ். ஹார்ன்பி என்பவர், பிறமொழி மாணவர்கள் தடுமாறும் இடங்களை நேரில் கண்டறிந்து, தம் நண்பர்களோடு ஓர் அகராதி தொகுத்தார். 1942இல் ஜப்பானில் வெளிவந்த அதனை 1948இல் ஆக்ஸ்ஃபோர்டு பதிப்பகம் மறுபதிப்புச் செய்தது. இன்று ‘ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்ட் லேர்னர்ஸ் டிக்ஷனரி’ என்று உலகெங்கும் பயன்படுவது அதுவே. ஒவ்வொரு வினையும் எந்தத் துணைச்சொல்லோடு வரும் என்பதை எடுத்துக்காட்டுடன் அது தருகிறது. பொருளை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாமல், எடுத்துக்காட்டையும் படிக்கும் பழக்கத்தைப் பிள்ளைகளுக்கு ஏற்படுத்துங்கள்.

ஆங்கிலேயரிடையேயும் வேறுபாடுகள் உண்டு என்பதை மறவாதீர்கள். ‘வார இறுதியில்’ என்பதற்குப் பிரிட்டனில் ‘அட் த வீக்கெண்ட்’ என்பர். அமெரிக்காவில் ‘ஆன் த வீக்கெண்ட்’ என்பர். ‘எனக்கு எழுது’ என்பது பிரிட்டனில் ‘ரைட் டு மீ’. அமெரிக்காவில் ‘ரைட் மீ’ என்பதும் வழக்கு. எனவே, இங்கே காட்டிய வழக்கிலிருந்து சற்று மாறுபட்டதைக் கண்டவுடன் பிழை என்று தீர்ப்பளித்துவிட வேண்டா.

பெற்றோர்களுக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளை ‘டிஸ்கஸ் அபவுட்’ என்று சொன்னால் சிரிக்காதீர்கள். அது அறியாமை அன்று; தன் தாய்மொழியின் உருபை நேர்மையாக மொழிபெயர்த்திருக்கிறது அக்குழந்தை. எந்தத் தமிழ் உருபு அதை அங்கே இழுத்துச் சென்றது என்பதை எடுத்துக்காட்டி, சரியான தொடரை இரண்டு மூன்று முறை சொல்லவையுங்கள். சிரிப்புக்கு ஆளான குழந்தை வாய் மூடிக்கொள்ளும். காரணம் புரிந்த குழந்தை அடுத்த முறை தானே திருத்திக்கொள்ளும்.

நாளொன்றுக்கு ஐந்து இணைகள் போதும். ஒரு குறிப்பேட்டில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் தம் வாழ்க்கையிலிருந்தே ஒரு சிறு வாக்கியம் அமைக்கச் சொல்லுங்கள். ஒரு மாதத்தில் நூற்றைம்பது இணைகள் சேர்ந்துவிடும். அன்றாடம் புழங்கும் வினைகளுள் பெரும்பாலானவை அதற்குள் அடங்கிவிடும். அதன்பின் விண்ணப்பம் எழுத அமரும் நம் பிள்ளையின் பேனா, அந்தச் சின்னஞ்சிறு சொல்லின் முன்னே வந்து தயங்கி நிற்காது.